கமராப் பெட்டி: வாசகர் கேள்விகள்

கேள்வி: சொனி ஏ6400 கமராவில் கலியாண வீடியோ எடுக்கிறேன். காலையில் கல்லடிக் கடற்கரையில் எடுக்கும்போது கமராத் திரையில் ஒன்றும் தெரிவதில்லை. வெளி மொனிட்டர் வாங்க 50,000 ரூபா ஒதுக்கியிருக்கிறேன். 5 அங்குலமா, 7 அங்குலமா நல்லது?
- வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: தம்பி, அங்குலத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் நிட்ஸ் எத்தனை என்று கடைக்காரரிடம் கேளுங்கள். திரை எவ்வளவு பிரகாசம் தரும் என்பதற்கான அளவு அது.

நமக்குக் கடல் கிழக்கே. காலை வெயில் மாப்பிள்ளை பொம்பிளையின் முகத்தில் விழ வேண்டுமென்றால் அவர்கள் கடலைப் பார்த்து நிற்க வேண்டும். நீங்கள் கடலுக்கு முதுகு காட்டி நிற்பீர்கள். சூரியன் உங்கள் தோளுக்கு மேலால் வந்து நேரே திரையில் விழும். மேற்கே வாவிப் பக்கம் பார்த்து எடுக்கும் மாலை வேளையில் இவ்வளவு கரைச்சல் இல்லை. 400 நிட்ஸ் திரை மண்டபத்துக்குள் நன்றாகத்தான் இருக்கும், காலைக் கடற்கரையில் முகம் பார்க்கும் கண்ணாடிதான். 1000 நிட்ஸாவது இருக்கட்டும், வெயில் மறைப்பும் சேர்த்து வாங்குங்கள். 2000க்கு மேலே போனால் பற்றரி வேகமாகக் குடிக்கும், திரையும் சுடும். சிலவற்றில் உள்ளே விசிறி வேறு சுழலும், அந்தச் சத்தம் மைக்கில் ஏறும்.

அற்றமோஸ் ஷினோபி 5 அங்குலம், 1000 நிட்ஸ். நல்ல சாமான், ஆனால் புதிதாக வாங்க உங்கள் காசு காணாது. கைமாறியது கிடைத்தால் வெயிலில் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாம். புதிதுதான் வேண்டுமென்றால் பீல்வேர்ல்ட், டெஸ்வியூ, போர்ட்கீஸ் போன்ற கம்பனிகளைப் பாருங்கள். பெட்டியில் பெரிதாக '4கே' என்று போட்டிருப்பார்கள். 4கே சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். திரையின் புள்ளிகள் 1920க்கு 1080 ஆக இருந்தால் போதும். 800க்கு 480 என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அதில் போகஸ் பார்க்க முடியாது.

வெளிச்சம் கூடிய இடத்தில் கோடு போட்டுக் காட்டும் சீப்ராவும், போகஸ் விழுந்த விளிம்பை நிறத்தில் காட்டும் பீக்கிங்கும் உங்கள் கமராவிலேயே இருக்கின்றன. அவற்றுக்காகக் காசு கொடுக்காதீர்கள். கமராவில் இல்லாதது பொல்ஸ் கலர், அதாவது படத்தில் எந்த இடத்தில் எவ்வளவு வெளிச்சம் என்பதை வெவ்வேறு நிறங்களில் காட்டும் வசதி. அது உள்ள மொனிட்டராகப் பாருங்கள். வெயிலுக்காகப் பிரகாசத்தைக் கூட்டி வைத்த திரையில் எல்லாப் படமும் வெளிச்சமாகத்தான் தெரியும். அதை நம்பி எக்ஸ்போஷரைக் குறைத்தீர்களோ, வீட்டுக்குப் போய்ப் பார்க்கும்போது பொம்பிளையின் முகம் இருண்டு கிடக்கும். பொல்ஸ் கலரில் முகத்தைப் பாருங்கள், மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி மடிப்பே தெரியாமல் வெளுத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

அங்குலத்துக்கு வருவோம். கிம்பலில், அதாவது ஆட்டம் தெரியாமல் கமராவைத் தாங்கும் கைப்பிடிக் கருவியில், எடுப்பவருக்கு 5தான். 7 அங்குலம் முக்காலியில் நிற்கிற கமராவுக்கு.

பற்றரி பெட்டிக்குள் இருக்கிறதா என்று கேளுங்கள், பல மொனிட்டர்களோடு வராது. கமராவின் எப்டபிள்யூ50 பற்றரி இதற்குச் சரிவராது. பெரும்பாலும் என்பி-எப் வகைதான் வேண்டும். அந்த வகையில் சிறிய எப்550ஐ விடப் பெரிய எப்970 ஏறக்குறைய மூன்று மடங்கு நேரம் நிற்கும், பாரமும் அதற்கேற்ப. கடற்கரைக்கு எப்550 இரண்டு கொண்டுபோவதே என் வழக்கம்.

கேள்வி: மொனிட்டர் வாங்கும்வரை போனையே மொனிட்டராகப் பாவிக்கலாமா?
- வாசகி, அக்கரைப்பற்று

பதில்: வைபையில் இணைத்தால் படம் பிந்தி வரும். பிரேமைச் சரிபார்க்கலாம், ஓடுகிற ஆளுக்குப் போகஸ் பிடிக்க முடியாது. கமராவின் எச்டிஎம்ஐ படத்தைப் போனுக்குக் கொடுக்கும் சிறிய கப்சர் கருவி ஒன்றை யூஎஸ்பி வழியாக அன்ட்ரொயிட் போனில் செருகி, யூஎஸ்பி கமரா அப் ஒன்றில் பார்த்தால் பிந்துவது குறையும். விலையும் மொனிட்டரை விட மிகக் குறைவு. போனின் சார்ஜ் இறங்கும், நடுவில் யாராவது அழைப்பும் எடுப்பார்கள். விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள்.

கேள்வி: எச்டிஎம்ஐ வயர் அடிக்கடி கழன்று படம் போகிறது. என்ன செய்ய?
- வாசகர், கல்முனை

பதில்: மைக்ரோ எச்டிஎம்ஐ துளை மெல்லியது. கமராவைச் சுற்றி உலோகக் கூண்டு (கேஜ்) போட்டு, வயரை அதில் கிளாம்பால் இறுக்குங்கள். துளை உடைந்தால் திருத்தச் செலவு வயரைப் போலப் பல மடங்கு.