மாடலிங் ஏஜென்சிக்குப் படம் அனுப்ப 35,000 ரூபாய் கட்ட வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு 19 வயது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நல்ல உயரம். மாடலிங் செய்ய வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம் பார்த்து போன் செய்தோம். "முதலில் போர்ட்ஃபோலியோ, அதாவது ஸ்டூடியோவில் எடுத்த படங்களின் தொகுப்பு வேண்டும். எங்கள் ஸ்டூடியோவில் எடுத்தால் 35,000 ரூபாய். ஏஜென்சிகளுக்கு நாங்களே அனுப்பிவிடுவோம்" என்கிறார்கள். இன்று மாலைக்குள் 5,000 முன்பணம் கட்டினால் சலுகை உண்டாம். கட்டலாமா? (ஒரு தாய், கோவை)

பதில்: கட்டாதீர்கள் அம்மா. இந்தப் பதிலைப் படிப்பதற்குள் கட்டியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

மாடலிங் ஏஜென்சி சம்பாதிக்கும் வழி ஒன்றுதான். மாடலுக்கு வேலை பிடித்துக் கொடுக்கும், அந்தச் சம்பளத்தில் ஒரு பங்கைக் கமிஷனாக எடுத்துக்கொள்ளும். உங்கள் மகளுக்கு வேலை கிடைத்தால்தான் ஏஜென்சிக்கும் காசு. வேலைக்கு முன்பே 35,000 கேட்பவருக்கு அந்தக் கவலை கிடையாது. படம் எடுத்துக் கொடுத்த அன்றே அவர் கணக்கு முடிந்துவிடும். பிரிட்டனில் மாடல்களிடம் இப்படி முன்பணம் வாங்குவதை 2010ல் சட்டம் போட்டே தடுத்தார்கள் என்றால், அங்கே எத்தனை பேர் ஏமாந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. புதிதாக விண்ணப்பிக்கும் பெண்ணிடம் ஏஜென்சிகள் போர்ட்ஃபோலியோ கேட்பதே இல்லை. அவர்கள் கேட்பது 'டிஜிட்டல்ஸ்'. இந்தத் தொழிலில் பழகியவர்கள் 'போலராய்ட்ஸ்' என்றும் சொல்வார்கள். முன்பெல்லாம் ஏஜென்சிக்குள் வரும் பெண்ணை ஒரு வெள்ளைச் சுவர் முன்னால் நிறுத்தி, போலராய்டு கேமராவில் நாலைந்து படம் எடுப்பார்கள். அச்சு அங்கேயே கையில் வந்துவிடும், அதில் யாரும் கை வைக்க முடியாது. அந்தப் படச்சுருள் தயாரிப்பை நிறுத்துவதாக போலராய்டு நிறுவனம் 2008ல் அறிவித்தது. பெயர் மட்டும் இன்னும் போகவில்லை. இப்போது அதே படங்களைப் போனில் எடுக்கிறார்கள். மேக்கப் இல்லாமல், ஃபில்டர் இல்லாமல், உங்கள் மகள் நாளை காலை அந்த அலுவலகக் கதவைத் திறந்து உள்ளே வந்தால் எப்படி இருப்பாளோ அப்படி. அந்த முகத்தில் விளம்பரம் கொடுப்பவர்களின் நகையும் துணியும் எப்படி இருக்கும் என்று யோசிப்பது ஏஜென்சியின் வேலை. ஸ்டூடியோக்காரர் முகத்தை மெழுகி, முடியைச் சுருட்டி, புகை போட்டு எடுத்துக் கொடுத்தால் அவர்களால் அதை யோசிக்க முடியாது.

எலைட், ஐஎம்ஜி போன்ற பெரிய ஏஜென்சிகளின் இணையதளங்களிலேயே புதியவர்கள் படம் அனுப்பத் தனிப் பக்கம் இருக்கிறது. அனுப்பக் கட்டணம் கிடையாது. அந்தப் பக்கத்தை இணையதளத்துக்கு நேராகப் போய்த் திறங்கள். "ஐஎம்ஜியிலிருந்து பேசுகிறோம்" என்று வாட்ஸப்பில் வருகிறவரை நம்பாதீர்கள், பெரிய பெயர்களைச் சொல்லித்தான் ஏமாற்றுகிறார்கள். போர்ட்ஃபோலியோ வேண்டாத பொருள் என்று நான் சொல்லவில்லை. ஒரு ஏஜென்சி உங்கள் மகளை எடுத்துக்கொண்ட பிறகு, எந்த மாதிரிப் படம் தேவை என்று அவர்களே சொல்வார்கள். அப்போது செலவழிக்கும் பணத்துக்கு அர்த்தம் உண்டு.

கேள்வி: நான் பையன், 21 வயது, 6 அடி 1 அங்குலம். படங்களை வீட்டிலேயே எடுக்கலாம் என்று நண்பன் சொல்கிறான். என்னிடம் இருப்பது 14,000 ரூபாய் போன். ரிங் லைட்டும் வெள்ளைத் திரையும் வாங்க வேண்டுமா? எத்தனை படம், என்ன உடை? (ஒரு மாணவர், திருநெல்வேலி)

பதில்: ஒன்றும் வாங்க வேண்டாம் தம்பி. அந்தப் போன் தாராளமாகப் போதும். ரிங் லைட் கண்ணுக்குள் ஒரு வட்டத்தைப் போடும், நேராக முகத்தில் அடித்து கன்ன எலும்பையும் தாடையையும் தட்டையாக்கிவிடும். ஏஜென்சி பார்க்க விரும்புவதே அந்த எலும்புகளைத்தான்.

என் அக்கா மகளுக்கு நானே எடுத்துக் கொடுத்தேன். முதல் நாள் மொட்டை மாடியில் பகல் 12 மணிக்கு எடுத்தோம். வெளிச்சம் அதிகமாக இருந்தால் நல்லது என்று நினைத்தோம். வெயில் உச்சியிலிருந்து இறங்கியதால் கண்ணுக்குக் கீழே கறுப்பாக நிழல் விழுந்து, பத்து நாள் தூங்காதவள் போல இருந்தாள். அப்புறம் அறைக்குள் சன்னல் பக்கம் நிறுத்தினோம். அந்த அறைச் சுவர் பச்சை. தோலில் பச்சை ஏறிவிட்டது. கடைசியில் கூடத்தில், வெள்ளை டிஸ்டெம்பர் அடித்த சுவர் முன்னால், காலை 8 மணிக்கு, வாசல் கதவை முழுக்கத் திறந்து வைத்து எடுத்தோம். அவ்வளவுதான், அவள் அவளாகவே இருந்தாள். வெள்ளைச் சுவர் இல்லாவிட்டால் கசங்காத வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டலாம்.

நேர் வெயில் விழாத சன்னல் அல்லது வாசல், அதைப் பார்த்தபடி நீங்கள், உங்கள் பின்னால் சுவர். சுவரை ஒட்டி நிற்காமல் இரண்டு மூன்று அடி முன்னால் வாருங்கள், நிழல் ஒட்டாது. டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். பகல் வெளிச்சமும் டியூப்லைட்டும் கலந்தால் முகத்தில் ஒரு பாதி ஒரு நிறம், மறு பாதி வேறு நிறம்.

செல்ஃபி வேண்டாம், யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள். பின் கேமராவின் கண்ணாடியைத் துணியால் துடையுங்கள். கேமரா அமைப்பில் பியூட்டி, போர்ட்ரெய்ட், ஃபில்டர் மூன்றையும் அணைத்துவிடுங்கள். பல போன்களில் பியூட்டி வாங்கும்போதே ஓடிக்கொண்டிருக்கும், நமக்கே தெரியாது. முகத்துக்குப் பக்கத்தில் போனைக் கொண்டுவந்து எடுத்தால் மூக்கு பெரிதாகி காது பின்னால் போய்விடும். ஆறேழு அடி தள்ளி நின்று 2எக்ஸ் ஜூம் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். முகப் படத்துக்குப் போன் உங்கள் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். முழு உருவத்துக்கு எடுப்பவர் கொஞ்சம் குனிந்து, இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவில் போனைப் பிடிக்க வேண்டும். நின்ற உயரத்திலிருந்து எடுத்தால் உங்கள் ஆறடி ஐந்தரை அடியாகத் தெரியும், அந்த உயரத்தை இழக்காதீர்கள்.

படங்கள்: முகம் நேராக, சிரிக்காமல் ஒன்று, பல் தெரியச் சிரித்து ஒன்று. இடது பக்கவாட்டு, வலது பக்கவாட்டு. பாதி திரும்பிய முகம். இடுப்பு வரை ஒன்று. உச்சந்தலை முதல் பாதம் வரை நேராக, பக்கவாட்டில், முதுகுப் புறமாக. எட்டு ஒன்பது படம் தேறும், அதற்கு மேல் அனுப்பினால் பார்க்க மாட்டார்கள். போஸ் எதுவும் வேண்டாம். கையைத் தொங்கவிட்டு, தோளைத் தளர்த்தி நின்றால் போதும். இடுப்பில் கை வைத்தால் இடுப்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

உடம்போடு ஒட்டிய கறுப்பு அல்லது வெள்ளை டி-ஷர்ட், எழுத்தோ படமோ இல்லாதது. ஒட்டிய ஜீன்ஸ். வெறுங்கால். பெண்கள் என்றால் கையில்லாத மேல்சட்டை நல்லது. வீட்டில் சங்கடப்படுவார்கள் என்றால் ஒட்டிய அரைக்கை டி-ஷர்ட் போட்டுக்கொள்ளலாம், அதற்காக யாரும் நிராகரிக்க மாட்டார்கள். நீள முடி இருந்தால் விரித்து ஒரு படம், காதும் கழுத்தும் தெரிய இழுத்துக் கட்டி ஒரு படம். முந்தின நாள் தலைக்குக் குளித்துவிடுங்கள், எண்ணெய் தடவ வேண்டாம். திருநீறு, பொட்டு, கயிறு, வாட்ச், கண்ணாடி எல்லாம் அந்த அரை மணி நேரத்துக்கு இல்லாமல் இருக்கட்டும். கழட்ட முடியாத மூக்குத்தி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

நிறத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எனக்கு வரும் படங்களில் பாதிக்கு மேல் முகத்தை வெளுப்பாக்கி இருக்கிறது. கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். மாநிறமோ கறுப்போ, அந்தத் தோல்தான் உங்களுடையது. நேரில் வேறு நிறத்தில் வந்து நிற்கிறவரைப் பார்த்தால் 'படம் பொய்' என்றுதான் முதலில் தோன்றும், அதன் பிறகு எதைச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். வெள்ளைச் சுவர் பின்னால் இருக்கும்போது போன் சுவரை அளவெடுத்துக்கொண்டு முகத்தை இருட்டாக்கும். திரையில் முகத்தின் மேல் ஒரு தடவை தொட்டால் சரியாகிவிடும். திருத்தம் அவ்வளவு போதும். பருவையும் தழும்பையும் அழிக்காதீர்கள்.

அனுப்பும்போது உயரம் (செருப்பு இல்லாமல், சென்டிமீட்டரில்), மார்பு, இடுப்பு, பின்பக்கச் சுற்றளவு, ஷூ அளவு, வயது, ஊர் எழுதுங்கள். இரண்டு சென்டிமீட்டர் கூட்டிச் சொல்வதில் பயன் இல்லை, போன உடனே அளந்து பார்ப்பார்கள். வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள், அல்லது மின்னஞ்சல். ஐபோனில் எடுத்தால் சில கணினிகளில் திறக்காது. கேமரா அமைப்பில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' வைத்தால் ஜேபெக் ஆகச் சேமிக்கும்.

ஒன்று மட்டும் உறுதியாக இருங்கள். முகம் தெரியாத யாரோ "உடம்பு அமைப்பு பார்க்க" என்று உள்ளாடைப் படமோ வீடியோ காலோ கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பையன்களிடமும் கேட்கிறார்கள், பையன்கள் வெளியே சொல்லாமல் தவிக்கிறார்கள். படத்தை வைத்து மிரட்டினாலோ பணம் பறித்தாலோ சைபர் குற்ற உதவி எண் 1930க்கு உடனே கூப்பிடுங்கள். தப்பு உங்கள் மேல் இல்லை.

கேள்வி: எனக்கு 46 வயது. பட்டுப்புடவை, மசாலா விளம்பரங்களில் நடிக்க ஆசை. புடவையில் எடுத்த கல்யாணப் படத்தை அனுப்பலாமா? (ஒரு வாசகி, மதுரை)

பதில்: கல்யாணப் படம் வேண்டாம். உடம்போடு பொருந்திய சாதாரணக் குர்தியும் லெகிங்ஸும் போட்டு மேலே சொன்ன மாதிரி எடுங்கள். கூடவே வீட்டில் கட்டும் காட்டன் புடவையில் ஒரு படம் வையுங்கள், உங்களுக்கு அது உதவும். நரையை மறைக்காதீர்கள். அம்மா, மாமியார், டீச்சர் வேடத்துக்கு ஆள் தேடுகிறவர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள். உயரக் கணக்கு ஃபேஷன் மேடைக்குத்தான், இந்த விளம்பரங்களுக்கு அவ்வளவாக இல்லை.

கேள்வி: ஆறு வயது மகனைக் குழந்தைகள் விளம்பரத்துக்குத் தேர்வு செய்துவிட்டதாகச் சொல்லி, பதிவுக் கட்டணம் 3,000 ரூபாய் கேட்கிறார்கள். (ஒரு தந்தை, திருச்சி)

பதில்: தேர்வு ஆனவருக்கு எதற்குக் கட்டணம்? கொடுக்காதீர்கள். குழந்தை முகம் சில மாதத்தில் மாறிவிடும், பல் விழும், உயரம் கூடும். அதற்கு ஸ்டூடியோ ஆல்பம் போடுவது வீண். அவன் விளையாடிக் களைத்து உட்கார்ந்திருக்கும்போது சன்னல் பக்கம் நாலு படம் எடுங்கள். பள்ளிச் சீருடையிலோ, பள்ளிப் பெயர் தெரியும்படியோ எடுக்க வேண்டாம்.

உண்மையிலேயே வேலை வந்தால் சட்டம் அவன் பக்கம் இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்ட விதிகளில் 2017ல் செய்த திருத்தப்படி, குழந்தைக் கலைஞரை ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் அனுமதி வாங்க வேண்டும். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தை பெயரில் வைப்புநிதியாகப் போட வேண்டும். உங்களிடம் பேசுகிறவரிடம் அந்த அனுமதியைப் பற்றிக் கேளுங்கள். முறையான ஆளாக இருந்தால் தடுமாறாமல் பதில் சொல்வார்.

கேள்வி: நான் ஏற்கெனவே ஒரு ஸ்டூடியோவில் 22,000 கட்டி ஏமாந்துவிட்டேன். இயல்பான படம் வேண்டும் என்று கேட்டிருந்தேன். முகத்தை வெளுப்பாக்கி, அடையாளமே தெரியாமல் 10 படம் கொடுத்தார்கள். எடிட் செய்யாத படங்களைத் தர மறுக்கிறார்கள். பில்லில் 'பணம் திரும்பத் தரப்படாது' என்று இருக்கிறது. என்னைக் கேட்காமலே என் படத்தை அவர்களுடைய இணையப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். (ஒரு வாசகி, சென்னை)

பதில்: படித்ததும் வருத்தமாக இருந்தது. ஆனால் வழி இருக்கிறது.

முதலில் படத்தின் உரிமை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, நீங்கள் காசு கொடுத்து உங்களுக்காக எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர் நீங்கள்தான். வேறு விதமாக ஒப்பந்தம் போட்டிருந்தால் மட்டும் மாறும். அதனால் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து ஒரு முறை முழுக்கப் படியுங்கள். அதில் உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுக்கவில்லை என்றால், படத்தை எடுத்துவிடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது பணம். பில்லில் அந்த வரி அச்சடித்திருப்பதைப் பார்த்து ஒதுங்கிவிட வேண்டாம். குறையுள்ள சேவையைச் செய்துவிட்டு, பில்லில் சொன்ன கெடுவுக்குள்ளோ, கெடு இல்லாவிட்டால் 30 நாளுக்குள்ளோ பணத்தைத் திருப்பித் தர மறுப்பது, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். ஏஜென்சி எடுத்துக்கொள்ளவில்லை என்பதை மட்டும் காரணமாக வைத்தால் வழக்கு நிற்பது கஷ்டம், அவர்கள் அப்படி எழுத்தில் உறுதி கொடுத்திருந்தால் ஒழிய. இயல்பான படம் கேட்டேன், முகத்தை மாற்றிக் கொடுத்தார்கள் என்பதுதான் உங்கள் பலமான வாதம். அதையே முன்னால் வையுங்கள்.

15 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகாரைப் பதியுங்கள், தமிழிலேயே பேசலாம். இறங்கி வரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஸ்டூடியோ எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை மனுக் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கோபத்தில் அவர்களுடைய எண்ணை பிளாக் செய்து, வாட்ஸப் பேச்சை அழித்துவிடாதீர்கள். 'இயல்பாக இருக்க வேண்டும்' என்று நீங்கள் கேட்ட செய்தி, பணம் அனுப்பிய ரசீது, அவர்கள் பக்கத்தில் உங்கள் படம் இருக்கும் திரைப்பதிவு, மூன்றையும் தேதியோடு உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.