அண்ணனுக்காக வாங்கிய கடனும் மகளின் கலைக் கல்வியும்

கேள்வி: என் மகள் அடுத்த ஆண்டு ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் இலக்கியம், தத்துவம், வரலாறு, இறையியல் சேர்ந்த மூன்றாண்டுக் கலைப் படிப்பில் சேர விரும்புகிறாள். போட்ட பணம் திரும்பாது என்கிறார் என் அண்ணன். அவர் தொழிலுக்காக என் பெயரில் இரண்டு தனிநபர் கடன்கள் ஓடுகின்றன. இப்போது டாப்-அப், அதாவது ஓடும் கடனின் மேல் கூடுதல் கடன், வாங்கித் தரக் கேட்கிறார். மறுத்தால் அன்பில்லாதவள் ஆகிவிடுவேனோ என்று பயம். காப்பீட்டோடு சேர்ந்த ஒரு கல்வித் திட்டத்திலும் சேரச் சொல்கிறார்.

பதில்: சகோதரி, மகளின் படிப்பை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறீர்கள். எனக்குக் கவலை அந்த டாப்-அப்தான்.

நீங்கள் அனுப்பிய கணக்கில் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். வீட்டுச் செலவு 60, வீட்டுக் கடன் 20, அண்ணனுக்காகக் கட்டும் தவணைகள் 10, 12. ஆக 102. மாதாமாதம் 2 கிரெடிட் கார்டில் ஏறுகிறது. கல்லூரிக்குச் சராசரியாக மாதம் 15 வேண்டும். 10 கட்டும் கடன் கல்லூரி திறக்குமுன் முடிகிறது, மற்றது அதற்கு ஓராண்டு கழித்து. அப்படியானால் முதல் ஆண்டில் கையில் நிற்பது 8, துண்டு விழுவது 7. பன்னிரண்டு மாதத்துக்கு 84, ஒரு மாதச் சம்பளத்துக்கும் குறைவு. அதற்கு மட்டும் கல்விக் கடன் போதும். அடுத்த ஆண்டிலிருந்து கையில் 20 நிற்கும், கல்லூரிக்கான 15-க்கு அது போதும். டாப்-அப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் இதெல்லாம் கலைந்துவிடும்.

இந்தப் படிப்புக்கு லத்தீனில் சுதந்திர மனிதருக்குரிய கலைகள் என்று பெயர். இலக்கணம், தர்க்கம், சொல்வன்மை, எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் என ஏழு கலைகளையும் திருச்சபை பல நூற்றாண்டுகள் போற்றி வளர்த்தது. இஸ்ரவேலர் எகிப்தின் பொன்னை எடுத்து வந்ததுபோல, பிறர் கண்ட உண்மையையும் தேவனுக்கென்று எடுத்துக் கையாளலாம் என்றார் திருச்சபைத் தந்தை அகஸ்டின். உண்மையை நேசிக்கவும் தன் அழைப்பை அறிந்து அயலாருக்குப் பயன்படவும் ஒருவரைப் பக்குவப்படுத்துவதே நோக்கம். படித்து முடித்ததும் மகளின் முதல் சம்பளம் சிறிதாக இருக்கலாம். அதனால்தான் அவளைப் பெரிய கடனோடு வெளியே அனுப்பக் கூடாது. ஆசிரியப் பணிக்கோ ஊழியத்துக்கோ மனம் இருந்தாலும் தவணை விடாது. கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை என்கிறது நீதிமொழிகள் 22:7.

அண்ணனுக்கு உதவுவது நல்லதுதான். கையில் இருப்பதிலிருந்து கொடுங்கள். கடன் வாங்கிக் கொடுப்பது மகளின் பங்கை எடுத்துக் கொடுப்பது.

அப்புறம், அந்தக் கல்வித் திட்டம் வேண்டவே வேண்டாம். அடுத்த ஆண்டு தேவைப்படும் பணத்தைப் பல ஆண்டுகள் பூட்டிவைத்து என்ன பயன்? ஆயுள் காப்பீடு வேண்டுமானால் டேர்ம் பாலிசி, அதாவது சேமிப்பு கலக்காத வெறும் ஆயுள் காப்பீடு, தனியாக எடுங்கள்.

கல்லூரி திறந்ததும் அந்த 12-இல் 7-ஐ அண்ணன் கட்டினால் கல்விக் கடனே தேவையில்லை. இந்த வாரமே கேளுங்கள், மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.