'எல்லாரும்தான் சார் குடிக்கிறாங்க!'

கேள்வி: தருமபுரியில் ஆண்கள் கல்லூரி விடுதி ஒன்றின் காப்பாளர் நான். குடித்து மாட்டுகிற பையன்கள் எல்லோரும் சொல்வது, 'ஹாஸ்டல்ல எல்லாரும்தான் சார் குடிக்கிறாங்க.' கெட்டுப்போன கல்லீரல் படம் ஒட்டிப் பார்த்தும் பலனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: அந்த 'எல்லாரும்' எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். குடித்தவன் போடும் சத்தம் மாடி முழுக்கக் கேட்கும். சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் யார் கணக்கிலும் வருவதில்லை. ஒகேனக்கல் போய்வந்த கதையிலும் பரிசலைவிட பாட்டிலுக்குத்தான் பேச்சு அதிகம். சக மாணவர்களின் குடியை மாணவர்கள் கூட்டியே மதிப்பிடுகிறார்கள் என்று அமெரிக்காவில் பெர்க்கின்ஸ், பெர்கோவிட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-லேயே எழுதினார்கள். தமிழ்நாட்டில் 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, 15 வயது நிரம்பிய ஆண்களில் குடிப்பவர் ஏறத்தாழ நான்கில் ஒருவர்.

எண்ணுவதற்கு, விடுதி மாணவர்களிடம் சீட்டில் இரண்டே கேள்விகள் கேட்டால் போதும். கடந்த 30 நாளில் எத்தனை நாள் குடித்தாய்? இந்த விடுதியில் 100 பேரில் எத்தனை பேர் குடித்திருப்பார்கள் என்று நினைக்கிறாய்? பெயர், அறை எண் வேண்டாம். கையெழுத்தை வைத்துக் கண்டுபிடிப்பார்களோ என்ற பயம் வராமலிருக்க, விடைகளை அச்சிட்டுக் கொடுத்து, டிக் மட்டும் செய்து ஒரு பெட்டியில் போடச் சொல்லுங்கள். 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கவே கூடாது என்பதால் பயம் இயல்பு. ஆகவே பெட்டியை நீங்கள் திறக்காதீர்கள், மாணவர்களே எண்ணட்டும். தேர்வு வாரத்திலோ பொங்கல் விடுமுறை முடிந்த கையோடோ நடத்தினால் கணக்கு கோணும்.

பாதிக்கு மேல் குடிக்காதவர்கள் என்று வந்தால் அதையே மெஸ் வாசலில் ஒட்டுங்கள்: 'நம் விடுதியில் 100-க்கு இத்தனை பேர் போன மாதம் குடிக்கவில்லை.' குடித்த நாள்களின் சராசரியைப் போட்டுவிடாதீர்கள். அதற்கும் கீழே இருப்பவன், 'நாம்தான் பின்தங்கிவிட்டோம்' என்று ஏறப் பார்ப்பான். வெளியூர்க் கணக்கும் வேண்டாம். பக்கத்து அறைக்காரனைப் பற்றிய எண்ணைத்தான் பையன்கள் பொருட்படுத்துவார்கள். குடிப்பவர்களே அதிகம் என்று வந்தால் ஒட்டாதீர்கள், அது விளம்பரமாகிவிடும்.

இதை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டாம். இத்தகைய முயற்சிகளைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்து அலசிய, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2015 தொகுப்பாய்வு, பலன் மிகச் சிறியது என்றே சொன்னது. வாங்கி வந்து கொடுக்கும் சீனியரைத் தடுப்பது உங்கள் வேலைதான். காலையில் கை நடுங்குகிறவனுக்குப் போஸ்டர் உதவாது. அவன் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். பேசிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416; கட்டணமில்லை.