மருத்துவ இடத்துக்காக வீட்டை அடகு வைக்காதீர்கள்

குறைவாகச் சாப்பிட்டால் குரங்குகள் அதிக நாள் வாழுமா என்ற ஆராய்ச்சியைப் படித்த உங்கள் மகள், தானும் அந்தத் துறைக்கே போக வேண்டும் என்கிறாள். சித்தப்பாவும் மாமாவும் மருத்துவம்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். நீங்கள் நடுவில் மாட்டிக்கொண்டு எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

கவலைப்படாதீர்கள் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் பாதி டாக்டர் பட்டத்தின் மரியாதை பற்றித்தான் இருக்கிறது. அவளுக்கு நாள் முழுக்க நோயாளிகளோடு இருக்கப் பிடிக்குமா என்று ஒரு வரி இல்லை. வீட்டை அடகு வைத்தாவது இடம் வாங்குவோம் என்கிறீர்கள். வேண்டாம். அந்தக் கடனை அடைக்கச் சித்தப்பா வரமாட்டார்.

பயோடெக்னாலஜி, பார்மசி எல்லாம் நீங்களே விசாரித்திருப்பீர்கள். நான் சொல்வது ஊட்டச்சத்து அறிவியல். டயட் சார்ட் எழுதும் வேலையா என்று மாமா சிரிப்பார். சிரிக்கட்டும். அவள் படித்த ஆராய்ச்சியையே பார்ப்போம்.

அமெரிக்காவில் ரீசஸ் குரங்குகளை வைத்து இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் 1987இலும், விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 1989இலும் தொடங்கின. இரண்டிலும் ஒரு பகுதிக் குரங்குகளுக்குச் சத்துகள் குறையாமல் கலோரியை மட்டும் சுமார் 30 சதவீதம் குறைத்தார்கள். வயதோடு வரும் நோய்களும் சாவுகளும் குறைந்தன என்று விஸ்கான்சின் 2009இல் அறிவித்தது. ஆயுள் கூடவில்லை என்று மற்றக் குழு 2012இல் சொன்னது. ஒரே இனக் குரங்கு, ஏறக்குறைய ஒரே சோதனை!

இரு குழுக்களும் தங்கள் தரவுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்து 2017இல் வெளியிட்டபோது, வேறுபாடுகளில் முக்கியமான ஒன்று தீனித் தட்டில் இருந்தது. விஸ்கான்சின் தீனியில் சர்க்கரை சுமார் 28 சதவீதம். மற்றதில் சுமார் 4 சதவீதம்தான். விஸ்கான்சினில் ஒப்பீட்டுக் குரங்குகள், அதாவது உணவு குறைக்கப்படாதவை, இஷ்டப்படி தின்றன. மற்ற இடத்தில் அவற்றுக்கும் அளவு வைத்தார்கள். அதாவது அங்கே ஒப்பீட்டுக் குழுவே ஓரளவு கட்டுப்பாட்டில் இருந்திருக்கிறது. எந்த வயதில் உணவைக் குறைக்கத் தொடங்கினார்கள் என்பதும் முடிவை மாற்றியது. ஆயுளைப் பற்றிய சண்டையைத் தீர்க்கத் தீனியின் சேர்மானத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் வேண்டியிருந்தது. அதுதான் இந்தப் படிப்பு.

கேள்வியும் இன்னும் முடியவில்லை. குரங்குகளுக்கு உறவான சாம்பல் எலி லெமூர் என்ற சிறிய விலங்கில் பிரான்சில் நடந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. உணவு குறைத்தவற்றின் இடைநிலை ஆயுள் (பாதி விலங்குகள் இறந்துவிடும் வயது) 6.4 ஆண்டிலிருந்து 9.6 ஆண்டாக உயர்ந்தது. ஆனால் மூளையின் சாம்பல் நிறப் பகுதி வேகமாகச் சுருங்கியது. மனிதர்களிடம் நடந்த 2 ஆண்டுச் சோதனையில் 25 சதவீதம் குறைக்கச் சொன்னார்கள். சராசரியாகச் சுமார் 12 சதவீதம்தான் குறைந்தது. (நம் வாயைக் கட்டுவது அவ்வளவு லேசா என்ன!)

முதல் பட்டம் ஊட்டச்சத்து அறிவியலாகவோ உயிர்வேதியியலாகவோ இருக்கட்டும். கூடவே புள்ளியியல் கட்டாயம். இத்தனை குரங்குகள் இத்தனை வயதில் இறந்தன என்ற தரவிலிருந்து முடிவுக்கு வர அது இல்லாமல் ஆகாது. முனைவர் பட்டம் வரை போனால், மாத உதவித்தொகை தரும் இடத்தில் மட்டும் சேரட்டும். கைக்காசு போட்டு ஆராய்ச்சி செய்ய வேண்டாம். சம்பளம் மெதுவாகத்தான் ஏறும், அதையும் அவளிடம் மறைக்காதீர்கள்.

இன்னொன்று. இந்தக் குரங்குகள் கூண்டிலேயே முதுமை அடைந்தவை. அதைத் தினமும் பார்க்க அவளால் முடியுமா என்று அவளிடமே கேளுங்கள். முடியாது என்றால் மனித ஆய்வுகள், தரவுப் பகுப்பாய்வு என்று பக்கத்திலேயே வேலை இருக்கிறது.

2009, 2012 கட்டுரைகள் இரண்டையும் அவளிடம் கொடுங்கள். புரியாத இடங்களைக் குறித்துக்கொண்டு வரட்டும். தீனி அட்டவணையைப் பார்த்ததும் கொட்டாவி விட்டாள் என்றால் வேறு படிப்பு பேசலாம். அன்றைக்கு மாமாவைக் கூட்டிவர வேண்டாம்.