வாடகைக்கு இருப்பவர்கள் சங்கம் வைக்கலாமா?

கேள்வி: அம்பத்தூரில் ஒரே உரிமையாளருக்குச் சொந்தமான மூன்று மாடிக் கட்டடம். மொத்தம் 18 போர்ஷன், எல்லாருமே வாடகைக்கு இருப்பவர்கள். காலையில் அரை மணி நேரம்தான் மோட்டார் போடுகிறார்கள். சப்-மீட்டர் வைத்து கரண்டுக்கு யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்குகிறார்கள். கோடையிலிருந்து லாரித் தண்ணீர் என்று வீட்டுக்கு 600 ரூபாய் கூடுதல். எல்லாரும் மொட்டை மாடியில் கூடி, சங்கம் வைத்து ஓனரிடம் பேசலாம் என்று முடிவு செய்தோம். மறுநாளே மாடிக்கதவுக்குப் பூட்டு. அடுத்த இரண்டு நாள் மோட்டாரே போடவில்லை. "சங்கம் கிங்கம்னு பேசினா அடுத்த மாசமே காலி பண்ணணும்" என்று ஓனர் என் கணவரிடம் சொல்லியிருக்கிறார். எங்கள் 11 மாத ஒப்பந்தம் இன்னும் மூன்று மாதத்தில் முடிகிறது. புதுப்பிக்கக் கொடுத்திருக்கும் தாளில் "குடியிருப்பவர் எந்தச் சங்கத்திலும் சேரக்கூடாது" என்று ஒரு வரி புதிதாக இருக்கிறது. பாதிப் பேரிடம் ஒப்பந்தமே இல்லை. நாங்கள் சங்கம் வைக்கலாமா? வைத்தால் காலி செய்யச் சொல்ல முடியுமா? எல்லாரும் சேர்ந்து வாடகையை நிறுத்தலாமா? அந்தத் தாளில் கையெழுத்துப் போடலாமா?
— வாசகி, அம்பத்தூர்

பதில்: தாராளமாக வைக்கலாம் சகோதரி. யாருடைய அனுமதியும் தேவையில்லை. சங்கம் அமைக்கும் உரிமையை அரசியல் சாசனத்தின் 19(1)(சி) பிரிவு இந்தியக் குடிமக்கள் எல்லாருக்கும் கொடுத்திருக்கிறது. சொந்த வீடு இருப்பவருக்கு ஒன்று, வாடகைக்கு இருப்பவருக்கு ஒன்று என்று அதில் பாகுபாடு கிடையாது. உங்கள் ஓனருக்குக் கோபம் வரலாம், ஆனால் தடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை.

ஆனால் அந்த உரிமை எதுவரை போகும் என்பதையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். சங்கம் அமைக்கும் உரிமை இருப்பதாலேயே எதிர்த்தரப்பு அந்தச் சங்கத்தோடு பேசியாக வேண்டும் என்றோ, சங்கம் கேட்பதெல்லாம் கிடைத்தாக வேண்டும் என்றோ ஆகிவிடாது. வங்கி ஊழியர் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் 1961இலேயே இதைத் தெளிவுபடுத்திவிட்டது. அடிப்படை உரிமைகளைத் தனியாருக்கு எதிராகவும் கேட்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு பெரும்பான்மையாகச் சொன்னது உண்மைதான். அதற்காக மோட்டார் பிரச்சினையை எடுத்துக்கொண்டு உயர் நீதிமன்றப் படி ஏற வேண்டாம். அதைவிடப் பக்கத்திலேயே உங்களுக்கு வழி இருக்கிறது.

நியூயார்க் மாநிலத்தில் வாடகைதாரர் சங்கத்தில் வீட்டு உரிமையாளர் தலையிடக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. கட்டடத்தின் பொது இடத்தில் கட்டணம் இல்லாமல் கூட்டம் போடவும் அங்கே உரிமை உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் 2022இல் வந்த உள்ளூர்ச் சட்டப்படி உரிமையாளர் சங்கத்தோடு உட்கார்ந்து பேசியாக வேண்டும். தமிழ்நாட்டில் அப்படி எதுவும் கிடையாது. சங்கம் வைத்ததற்குப் பழிவாங்கக் காலி செய்யச் சொன்னால் அதைத் தடுக்கவும் தனிப் பிரிவு இல்லை. இது நம் சட்டத்தில் இருக்கும் பெரிய ஓட்டை என்றே நான் நினைக்கிறேன். முன்பு 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தபோது, நியாய வாடகை நிர்ணயிக்கச் சொல்லி மனுப் போட முடிந்தது. அது போய், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டத்தில் ஒப்பந்தத்தில் என்ன எழுதினீர்களோ அதுதான் வாடகை. அதாவது பேரம் பேசும் பலம்தான் எல்லாமே. 18 குடித்தனம் தனித்தனியாகப் போய் நின்றால் என்ன பலம் இருக்கும்? அதனால்தான் முன்பைவிட இப்போதுதான் சங்கம் தேவை என்கிறேன்.

சரி, காலி செய்யச் சொல்ல முடியுமா? ஒப்பந்தக் காலத்துக்குள் முடியாது. புதிய சட்டத்தின் 21ஆம் பிரிவு, எந்தெந்தக் காரணத்துக்காக வெளியேற்றலாம் என்று பட்டியல் போட்டிருக்கிறது. வாடகை பாக்கி, அனுமதியில்லாமல் உள்வாடகை விடுவது, வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது, கட்டடத்தை இடித்துக் கட்ட வேண்டியது, இப்படி. அந்தப் பட்டியலில் 'சங்கத்தில் சேர்ந்தார்' என்று ஒன்று இல்லை. காரணம் இருந்தாலும்கூட வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும். "அடுத்த மாசம் காலி பண்ணு" என்று வாயால் சொல்வதற்குச் சட்டத்தில் மதிப்பில்லை. சாமானை வெளியே தூக்கிப் போட்டுப் பூட்டுப் போட்டால், வீட்டுக்கே சொந்தக்காரர் செய்தாலும் அது தவறுதான். ஆறு மாதத்துக்குள் குறிப்பிட்ட தீர்வழிகள் சட்டம் 6ஆம் பிரிவின்படி வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பப் பெறலாம்.

இப்போது நான் அதிகம் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். அந்த 21ஆம் பிரிவுப் பட்டியலில் முதலாவதாக இருப்பதே, எழுத்துபூர்வ ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை என்பதுதான்! உங்கள் கட்டடத்தில் பாதிப் பேர் அந்த நிலையில் இருக்கிறார்கள். ஓனர் ஒரு நல்ல வக்கீலைப் பார்த்தாரானால், சங்கம் என்ற பேச்சையே எடுக்காமல் இந்த ஒரு காரணத்தை வைத்து மனுப் போட்டுவிடுவார். ஆகவே சங்கத்துக்குப் பெயர் வைப்பதற்கு முன்னால் ஒப்பந்தம் இல்லாத ஒவ்வொரு வீட்டிலிருந்தும், "இன்ன தேதியிலிருந்து இன்ன வாடகைக்குக் குடியிருக்கிறேன், எழுத்துபூர்வ ஒப்பந்தம் செய்துகொள்ளத் தயாராக இருக்கிறேன்" என்று ஓனருக்கு ஒரு கடிதம் ஸ்பீட் போஸ்ட்டில் போகட்டும். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஒப்பந்தம் ஏன் இல்லை என்ற கேள்வி நாளைக்கு வரும்போது, மறுத்தது யார் என்று காட்ட அந்தத் துண்டுச் சீட்டு வேண்டும். ஏற்கெனவே ஒப்பந்தம் இருப்பவர்கள் அதை வாடகை அதிகாரியிடம் (புதிய சட்டப்படி இதற்கென்று இருக்கும் அரசு அதிகாரி) பதிந்தாயிற்றா என்று பாருங்கள். 11 மாதம்தானே, பதிவு தேவையில்லை என்று ஊரெல்லாம் சொல்வார்கள். அது சார்பதிவாளர் அலுவலகப் பதிவைப் பற்றிய கணக்கு. புதிய சட்டப்படியான வாடகைப் பதிவு வேறு, அது 11 மாத ஒப்பந்தத்துக்கும் வேண்டும். அதற்கென்று அரசு இணையதளம் இருக்கிறது. ஓனர் ஒத்துழைக்காவிட்டால் உங்கள் பக்கத்து விவரங்களை நீங்கள் தனியாகவே கொடுக்கலாம்.

மோட்டாரை நிறுத்தியதுதான் அவர் செய்த தெளிவான சட்டமீறல். குடியிருப்பவருக்குத் தண்ணீர், மின்சாரம், படிக்கட்டு விளக்கு, லிஃப்ட், துப்புரவு போன்ற அத்தியாவசிய வசதிகளை உரிமையாளர் நிறுத்தக்கூடாது என்று அதே சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர்தான் வாடகை அதிகாரியாக இருப்பார். அவரிடம் மனுக் கொடுத்தால், விசாரணை முடியும்வரை காத்திராமல் வசதியைத் திரும்பக் கொடுக்கும்படி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. மனுவைச் சங்கத்தின் பெயரில் மட்டும் கொடுக்காதீர்கள். சட்டம் பேசுவது உரிமையாளரையும் வாடகைதாரரையும் பற்றித்தான், அதனால் ஒவ்வொரு குடித்தனமும் தன் பெயரில் கொடுக்கட்டும். மனுவைத் தயாரிப்பது, வக்கீல் வைப்பது, செலவைப் பங்கு போடுவது எல்லாம் சங்கத்தின் வேலை. இன்றைக்கே ஒரு நோட்டுப் போடுங்கள்: தேதி, மோட்டார் போட்ட நேரம், நிறுத்திய நேரம், அன்று வீட்டில் இருந்த இரண்டு பேரின் கையெழுத்து. மிரட்டினாலோ கைவைக்க வந்தாலோ காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

லாரித் தண்ணீர்ப் பணம் பற்றி உங்கள் ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஒன்றும் சொல்லவில்லை என்றால் அந்த 600 ரூபாயைக் கட்டாயப்படுத்த முடியாது. கரண்டுக்கு இரண்டு மாத பில்லின் நகலை எழுத்தில் கேளுங்கள். சங்கத்தின் முதல் கோரிக்கையாக அதுவே இருக்கலாம். கணக்கை வைத்துக்கொண்டு பேசும்போது கோபத்துக்கு வேலை குறைவு.

வாடகையை நிறுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம். ஒற்றுமையைக் காட்டலாம் என்று தோன்றும். ஆனால் இரண்டு மாத வாடகை பாக்கி வைத்து, நோட்டீஸ் வந்தும் கட்டாவிட்டால் வெளியேற்ற அதுவே போதுமான காரணம். எல்லாரும் சேர்ந்து நிறுத்தினோம் என்ற சமாதானம் அங்கே எடுபடாது. 18 பேர் மீதும் 18 வழக்கு வரும். வாடகையை ரொக்கமாகக் கொடுப்பதையும் நிறுத்திவிட்டு வங்கி வழியாக அனுப்புங்கள். வாங்க மறுத்தால் மணியார்டர் அனுப்புங்கள். அதுவும் திரும்பி வந்தால் வாடகை அதிகாரியிடம் செலுத்தச் சட்டத்தில் வழி இருக்கிறது.

சங்கத்தைப் பதிய வேண்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் பதியலாம். 20 உறுப்பினர்களோ, வருடத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் வரவு அல்லது செலவோ வந்துவிட்டால் பதிவு கட்டாயம். உங்கள் கணக்கைப் பாருங்கள். வீட்டுக்கு ஓர் உறுப்பினர் என்றால் 18தான், ஆனால் கணவன் மனைவி இருவரும் சேர்ந்தால் 36. மாதம் 40 ரூபாய் சந்தா என்றால் வருடத்துக்கு 8,640, அதையே 50 ஆக்கினால் 10,800. ஆரம்பத்தில் வீட்டுக்கு ஒருவர், 40 ரூபாய் என்று வைத்துப் பதியாமலே நடத்திப் பாருங்கள். ஒரு தீர்மான நோட்டு, தலைவர், செயலாளர், பொருளாளர், வரவு செலவு, இவ்வளவு போதும். பதிவது என்று முடிவானால் உங்கள் கட்டடத்தோடு நிறுத்தாமல் பக்கத்துத் தெருக்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. வாடகைக்கு இருப்பவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், நான்கு வீடு காலியானால் ஒற்றைக் கட்டடச் சங்கம் படுத்துவிடும். அடுக்குமாடி உரிமையாளர்களுக்கென்று இருக்கும் சங்கச் சட்டத்தை யாராவது நீட்டினால் குழம்பாதீர்கள், அது ஃப்ளாட்டைச் சொந்தமாக வைத்திருப்பவர்களுக்கானது.

மொட்டை மாடிப் பூட்டுக்காகச் சண்டை வேண்டாம். ஒப்பந்தத்தில் மாடியைப் பயன்படுத்தும் உரிமை எழுதியிருந்தால் தவிர, அதில் உங்கள் வாதம் பலவீனம். உங்கள் வீட்டுக் கூடத்திலேயே கூடுங்கள். வாடகை கொடுக்கும்வரை அது உங்கள் வீடு, யார் வந்து உட்கார்ந்து பேசலாம் என்பது உங்கள் விருப்பம். உள்ளே வருவதென்றால் ஓனரே 24 மணி நேரம் முன்னால் எழுத்திலோ மெசேஜிலோ அறிவிக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் மட்டும் வார்த்தையை அளந்து போடுங்கள். "திருடன்" என்று ஒருவர் ஆத்திரத்தில் எழுதியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவதூறு வழக்காக்கிவிடுவார்கள். குழுவில் ஓனரின் ஆள் யாராவது இருக்கிறார் என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள்.

கடைசியாக அந்தத் தாள். சங்கத்தில் சேரக்கூடாது என்ற வரி, பொது நலனுக்கு விரோதமான நிபந்தனை என்று இந்திய ஒப்பந்தச் சட்டம் 23ஆம் பிரிவின் கீழ் வலுவாக வாதாடலாம். முதலில் அதை அடித்துவிட்டு இருவரும் ஓரத்தில் சுருக்கொப்பம் போடலாம் என்று கேளுங்கள். பத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து கேட்டால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள். அசையவே மாட்டேன் என்றால், அந்த வரிக்குச் சம்மதமில்லை என்று ஒரு கடிதம் அனுப்பிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்றே சொல்வேன். அந்த வரியை மீறியதற்காக உங்களை வெளியேற்ற 21ஆம் பிரிவில் இடமில்லை. ஒப்பந்தம் இல்லாமல் இருப்பதற்கோ இடம் இருக்கிறது. இப்போது இருக்கும் ஒப்பந்தம் முடிவதற்குள்ளேயே புதியதில் கையெழுத்தாகட்டும். கையெழுத்தான ஒரு பிரதியைக் கையில் வாங்கிக்கொண்டு, அந்த வாரத்திலேயே வாடகை அதிகாரியிடம் பதிந்துவிடுங்கள்.