போன பணத்தை மீட்டுத் தருவதாக வரும் ‘இணையப் போலீஸ்’

கேள்வி: என் அப்பா சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் 31 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவர். சேமநிதியிலிருந்து எடுத்த பணத்தில் 18,000 வெள்ளியை (ரிங்கிட்), முகநூலில் பார்த்த ஒரு முதலீட்டில் போட்டுச் சென்ற ஆண்டு இழந்துவிட்டார். வெட்கப்பட்டுப் போலீசில் புகார் செய்யவில்லை. இப்போது அனைத்துலக இணையக் காவல் அதிகாரி என்று ஒருவர் புலனத்தில் (வாட்ஸ்அப்) பேசுகிறார். அப்பாவின் பணம் கிடைத்துவிட்டதாகவும், அதை விடுவிக்க 1,850 வெள்ளி ‘நீதிமன்றக் கட்டணம்’ கட்ட வேண்டும் என்றும் சொல்லி ஒரு கடிதமும் அனுப்பியிருக்கிறார். அப்பா முழுமையாக நம்புகிறார். கட்டலாமா?
– ஒரு மகள், சுங்கை சிப்புட்

பதில்: கட்ட வேண்டாம், சகோதரி. அப்பாவின் கையில் மிச்சமிருப்பதையும் பிடுங்கத்தான் அந்த ஆள் வந்திருக்கிறார்.

நீங்கள் இணைத்திருந்த கடிதத்தைப் பலமுறை படித்துப் பார்த்தேன். தலைப்பில் இண்டர்போல் சின்னத்தில் உள்ள உலக உருண்டையும் வாளும் தராசும் இருக்கின்றன. கீழே ஒரு சிவப்பு முத்திரையும் இருக்கிறது. ஆனால், பணம் செலுத்த வேண்டிய வங்கிக் கணக்கு ஒரு தனிநபரின் பெயரில் இருக்கிறது. நீதிமன்றக் கட்டணம் எந்தக் காலத்திலும் தனிநபர் கணக்குக்குப் போகாது. அந்த ஒரு வரியே போதும், மற்ற முத்திரைகளை ஆராயத் தேவையில்லை.

இண்டர்போல் என்பது பிரான்சின் லியோன் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு, 196 நாடுகளின் காவல்துறைகளை இணைக்கும் அமைப்பு. அது பொதுமக்களைப் புலனத்தில் அழைத்துப் பணம் கேட்பதில்லை. மலேசியரின் புகார் அரச மலேசிய போலீஸ் படையின் வழியாகத்தான் அங்கே போகும். அப்பாவோ புகாரே கொடுக்கவில்லை என்கிறீர்கள். கொடுக்காத புகாரை வெளிநாட்டுப் போலீஸ் எப்படி விசாரித்து முடித்தது என்று அப்பாவிடமே மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

அப்படியானால் அப்பா இழந்த தொகை இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று நீங்கள் நினைக்கலாம். ஏமாந்தவர்களின் பெயர், கைப்பேசி எண், போன தொகை ஆகியவற்றை மோசடிக் கும்பல்கள் பட்டியலாக வைத்திருந்து ஒன்றுக்கொன்று விற்கின்றன. பல வேளைகளில் முதலில் ஏமாற்றிய கும்பலே மீட்பவர் வேடத்தில் மறுபடி வருகிறது. அமெரிக்காவிலும் இதே கதைதான். எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் புகார் மையத்தினர் என்று சொல்லிக்கொண்டு சிலர் ஏமாற்றுவதாக 2023 டிசம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை 100க்கும் மேற்பட்ட புகார்கள் வந்ததாக அந்த அமைப்பே எச்சரித்திருக்கிறது. 1,850 வெள்ளி கட்டியவுடன் வரி என்பார்கள், பிறகு காப்புறுதி என்பார்கள், கேட்பது நிற்காது.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். குறுஞ்செய்திகளையும் கடிதத்தையும் அழிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, அப்பாவை அழைத்துச் சென்று அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் புகார் கொடுங்கள். பழைய இழப்பு, புதிய மோசடி முயற்சி இரண்டையும் அதில் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த வங்கிக் கணக்கு எண்ணை, மோசடிப் புகார் உள்ள கணக்குகளைக் காட்டும் போலீசின் ‘செமாக் மியூல்’ இணையத்தளத்தில் போட்டுப் பாருங்கள். ஆனால் அங்கே பதிவில்லை என்பதால் மட்டும் கணக்கு நல்லதென்று முடிவு செய்துவிடாதீர்கள், புதிதாகத் திறந்த கணக்காகவும் இருக்கலாம். அப்பா அடையாள அட்டையின் படத்தை அவர்களுக்கு அனுப்பியிருந்தால், வங்கிக்கு உடனே தெரிவித்துவிடுங்கள்.

இனி ஒருவேளை வங்கியிலிருந்து பணம் போய்விட்டால், அந்த நிமிடமே 997 என்ற எண்ணுக்கு அழையுங்கள். இது 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்ப்பு மையம். போலீஸ், மத்திய வங்கியான பேங்க் நெகாரா, தொடர்பு பல்லூடக ஆணையம் ஆகியவை இணைந்து, பணம் கைமாறுவதற்குள் தடுக்கப் பார்க்கின்றன. ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவிவிட்ட பணத்தைப் பிடிப்பது கடினம். சென்ற ஆண்டின் 18,000 வெள்ளி திரும்பும் என்று நான் உறுதி கூற முடியாது. கூறினால் நானும் அந்த ஆளைப்போல ஆகிவிடுவேன்.

அப்பாவைக் கடிந்துகொள்ளாதீர்கள் என்று தனியே கேட்டுக்கொள்கிறேன். விடியற்காலையில் தலைவிளக்கு கட்டிக்கொண்டு பால்மரம் சீவப் போன மனிதரின் உழைப்பு அது. வீட்டில் ஏச்சு விழும் என்ற பயத்தால்தான் பலர் மறைக்கிறார்கள். அந்த மறைப்புதான் இவர்களுக்கு வசதி.

கேள்வி: உண்மையான போலீஸ் தொலைபேசியில் அழைக்கவே மாட்டார்களா?
– வாசகர், பீடோர்

பதில்: வாக்குமூலம் கொடுக்க வரும்படி அழைக்கலாம். ஆனால் காணொளி அழைப்பிலேயே கைது செய்வதும், புலனத்தில் கைது ஆணை அனுப்புவதும், வழக்கை முடிக்கப் பணம் கேட்பதும் போலீசின் வேலை முறையிலேயே இல்லை. அழைப்பவரின் பெயர், பதவி, நிலையம் ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொண்டு அழைப்பைத் துண்டியுங்கள். அந்த நிலையத்தின் எண்ணை நீங்களே தேடி எடுத்து அழையுங்கள், முடிந்தால் நேரிலேயே போய்க் கேளுங்கள். அவர் கொடுக்கும் எண்ணுக்கு மட்டும் அழைக்காதீர்கள், அதை எடுப்பவரும் அவருடைய கூட்டாளியாகவே இருப்பார்.