லீ மார்வினும் ஐவோ ஜிமாவும்

அன்புள்ள ஐயா,

ஹாலிவுட் நடிகர் லீ மார்வின் இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானின் ஐவோ ஜிமா தீவில் போரிட்டு நேவி கிராஸ் பதக்கம் பெற்றார் என்றும், தன்னைவிடத் துணிச்சல்காரர் அங்கே தன் சார்ஜெண்டாக இருந்த பாப் கீஷன்தான் என ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சொன்னார் என்றும் ஒரு செய்தி எங்கள் வாட்ஸப் குழுவில் சுற்றுகிறது. அது பொய் என்றேன். ‘போர்வீரரைப் புகழ்வதில் என்ன கெடுதல்?’ என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மார்வின், கடல்வழியே சென்று கரையிறங்கிப் போரிடும் அமெரிக்க மரைன் படையில் இருந்தார், போரில் காயம்பட்டார், 1987-இல் இறந்தபின் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். அச்செய்தியில் உண்மை இவ்வளவுதான்.

அவர் 1942-இல், பதினெட்டு வயதில் படையில் சேர்ந்தவர். 1944 ஜூன் 15 அன்று அமெரிக்கப் படைகள் பசிபிக் கடலில் மரியானா தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த சைபானில் இறங்கின. அதில் நான்காம் மரைன் டிவிஷனின் 24-ஆம் ரெஜிமெண்டைச் சேர்ந்த மார்வினும் இருந்தார். மூன்று நாள் கழித்து, தபோச்சாவ் மலைப்பக்கம் முன்னேறியபோது அவருடைய கம்பெனி ஜப்பானியரின் குண்டுமழையில் சிக்கிப் பெரும்பாலும் அழிந்தது. இயந்திரத் துப்பாக்கிக் குண்டு மார்வினின் இடுப்பிலிருந்து காலுக்குச் செல்லும் சயாட்டிக் நரம்பை அறுத்தது. அதன்பின் ஓராண்டுக்கும் மேலாக மருத்துவமனைகளில் கிடந்து, 1945-இல் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார். போரில் காயமடைந்தவர்களுக்கு அளிக்கப்படும் பர்ப்பிள் ஹார்ட் அவருக்குக் கிடைத்தது. மரைன்களுக்கான வீரப் பதக்கங்களில் இரண்டாம் இடத்திலுள்ள நேவி கிராஸ் அவருக்கு வழங்கப்படவில்லை. ஐவோ ஜிமாவில் படைகள் இறங்கியது 1945 பிப்ரவரி 19; அன்று அவருக்கு இருபத்தொரு வயது நிறைந்தது என்பது தற்செயல். அப்போது அவர் சிகிச்சையில் இருந்தார்.

கீஷன், தொலைக்காட்சியில் ‘கேப்டன் கங்காரு’ என்ற பாத்திரமாக அமெரிக்கக் குழந்தைகளை மகிழ்வித்தவர். 1927-இல் பிறந்த அவர் 1945-இல்தான் மரைன் ரிசர்வில் சேர்ந்தார். போர்முனையைக் காணவே இல்லை. கார்சன் நிகழ்ச்சியில் அப்படியோர் உரையாடல் நடந்ததற்குச் சான்றும் கிடையாது. இதே செய்தியின் வேறொரு வடிவம், குழந்தைகள் நிகழ்ச்சி நடத்திய இன்னொருவரான ஃபிரெட் ரோஜர்ஸை மறைந்திருந்து சுடும் வீரராக்குகிறது. அவரோ ராணுவத்தில் சேர்ந்ததே இல்லை; பிரெஸ்பிடேரியன் திருச்சபையின் போதகர். மென்மையான மனிதர்களுக்கு ரகசியமாக ஒரு கொலைத்திறன் இருந்தால்தான் மதிப்பு என்று எண்ணுகிற மனப்பாங்கு இவ்விரு கதைகளிலும் இருக்கிறது என்றே நினைக்கிறேன். அது என்னை மிகவும் வருத்துகிறது.

கெடுதல் என்ன என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது. ஐவோ ஜிமாவில் ஏறத்தாழ 6,800 அமெரிக்கர்கள் இறந்தார்கள். அங்கே உண்மையாகவே நேவி கிராஸ் பெற்றவர்களும் உண்டு. அவர்களுக்கு உரியதை, திரையில் முகம் தெரிந்தவர் என்பதற்காக ஒருவருக்கு எடுத்துக் கொடுக்கிறோம். அதே கையோடு, அவர் உண்மையில் ரத்தம் சிந்திய சைபானையும், உடன் மடிந்த தோழர்களையும் அவர் வாழ்க்கையிலிருந்து அழித்துவிடுகிறோம். ஆர்லிங்டனில் அவருடைய கல்லில் அவர் நடிகர் என்ற குறிப்பே இல்லை. ‘பிரைவேட் ஃபர்ஸ்ட் கிளாஸ்’ என்ற சாதாரணப் பதவிதான் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவரைப் புகழ விரும்பும் உங்கள் நண்பர்கள் சைபானைப் பற்றி எழுதட்டும், தாராளமாகப் புகழலாம்.